எண்ணூர்ப் படகில் நாலு பேர்

திருவொற்றியூர்
12-1-1952

அன்புள்ள அஜீசாவுக்கு,

பட்டம்மாள் எழுதுகிறேன். எந்தப் பட்டம்மாள் என்று புருவத்தை நெரிக்காதே. ராயபுரத்துப் பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன் பென்சிலையெல்லாம் கடித்துத் துப்பிய பட்டு. நான் சுகம். ஆம்பூரில் நீ, உன் வீட்டுக்காரர், மாமியார், பிள்ளைகள் எல்லோரும் சுகந்தானே? வண்ணாரப்பேட்டையில் உன் அண்ணன் ரஹீமின் கடைக்குப் போய் விலாசம் வாங்கினேன்.

என் சேதி கொஞ்சந்தான். அம்மா போன ஆவணியில் போய்விட்டாள். தம்பி வரதன் குடும்பத்தோடு ஜாம்ஷெட்பூரில் இருக்கிறான். நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. அது ஒரு தனிக்கதை, சுவாரஸ்யமே இல்லாத கதை. பகலெல்லாம் நாற்பது பிள்ளைகள் காது கிழியக் கத்துகின்றன. மணி அடித்து, வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தால் மறுநாள் காலை வரை என்னோடு பேச ஆளில்லை. சொல்லிவிட்டேன், போகட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பள்ளிக்கூட வாசலில் ஒருத்தி தன் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னா டீச்சரம்மா, ஆளைத் தெர்லியா? கண்ணாடி போட்டும் கண்ணு தெர்லன்னா அப்பால இன்னாத்துக்குக் கண்ணாடி?" என்றாள். யாரென்று நினைக்கிறாய்? நம் சிலுவையம்மாள்! அவள் புருஷன் தவசிமுத்துவுக்குச் சொந்தமாகப் பாய்ப்படகு இருக்கிறதாம். கொருக்குப்பேட்டையிலிருந்து கால்வாயில் காலியாகப் போய், காட்டுப்பள்ளியில் சவுக்கு விறகு ஏற்றிக்கொண்டு வருகிறானாம்.

"காலியாத்தான போவுது? எட்டாங்கிளாஸ் முட்சிட்டு எங்கப்பன் படகுல போனோமே, அதே மாரி நாலு பேரும் ஒருதபா போய்ட்டு வந்துட்லாம். தென்னங்காத்து புட்சிச்சின்னா எண்ணூருக்கு மூணே மணிநேரம். சும்மா தள்ளிக்கினு போய்டும்" என்கிறாள்.

நாலு பேர் யார் என்றால் நீ, நான், சிலுவை, புளியந்தோப்பு அம்மு. மே மாதம் நாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பெண்கள் மட்டும். படகில் ஆண் என்றால் தவசிமுத்துவும், கழி ஊன்றிப் படகைத் தள்ளும் அவன் தகப்பனாரும்தான். திரும்புவதற்கு எண்ணூரில் ரயில் இருக்கிறது. நீ இல்லாவிட்டால் நான் போகமாட்டேன். வந்தே ஆகவேண்டும்.

எல்லோருக்கும் என் அன்பு.

உன் பட்டு


ஆம்பூர்
21-1-1952

என் பிரியமுள்ள தோழி பட்டம்மாளுக்கு அஜீசா சலாம் சொல்லி எழுதுவது.

ஆண்டவன் கிருபையில் இங்கு யாவரும் சுகம். மாமிக்கு மட்டும் கண்ணில் புரை. மூன்று வருஷமாகப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. உன் அம்மா காலமான சேதி கேட்டு மிகவும் வருத்தப்பட்டோம். அவர்கள் கையால் நான் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதம் முதலில் மாமி கையில்தான் கிடைத்தது. இந்த வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் அப்படித்தான். அசர் தொழுகை முடிந்ததும் கூடத்தில் எல்லோரும் உட்காருவார்கள். என் நாத்தனார் மகள் மலிகா உரக்கப் படிப்பாள். உன் கடிதத்தையும் படித்தாள். உன் எழுத்து நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

மாமி, "பொம்பளைங்க மட்டுந்தானே?" என்று ஒரு தடவை கேட்டார். என் வீட்டுக்காரர், அம்மா சொன்னால் சரி என்றார். மாமி வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்ஷா அல்லாஹ் வருவேன் என்று நினைக்கிறேன். படகைப் பற்றி இனி அதிகம் எழுத வேண்டிய அவசியம் இருக்காது. உன் உடம்பைப் பற்றியும் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் எழுது.

மாமி உனக்கு துஆ சொல்லச் சொன்னார்.

அஜீசா


திருவொற்றியூர்
2-2-1952

அன்புள்ள அஜீசா,

நான் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். மாமியின் கண்ணுக்கு வைத்தியம் பாருங்கள், நாளை நாளை என்று தள்ளாதீர்கள்.

உன் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதே. ஒரு கூடம் நிறைய ஜனங்கள் உட்கார்ந்து நான் எழுதியதைக் கேட்டார்கள் என்கிறாயே, அதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளைப் பிரம்பைக் காட்டித்தான் கேட்க வைக்கிறேன். ஆகவே இந்தக் கடிதம் உன் வீட்டார் அத்தனை பேருக்கும். மலிகா, தொண்டையைச் சரிபண்ணிக்கொள். நிறுத்தி நிதானமாகப் படி.

1936-ஆம் வருஷம். பன்னிரண்டு பெண்கள், ஒரு டீச்சர், சிலுவையின் அப்பா படகு. வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று அங்கே நடமாடிக்கொண்டிருக்கிறாளே உங்கள் வீட்டு மருமகள், அவள் அன்று என்ன செய்தாள் தெரியுமா? படகில் கால் வைத்ததும் துப்பட்டியை உருவிப் பாய்மரத்தில் கொடியாகக் கட்டினாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏய், கழி போடு! ஏய், பாயை இறக்கு!" என்று படகுக்காரரையே அதட்ட ஆரம்பித்தாள். சடையங்குப்பம் தாண்டியதும் பாய்க்கயிற்றை நான்தான் பிடிப்பேன் என்று ஒரே அடம். கொடுத்தார்கள். காற்று ஒரு இழுப்பு இழுத்தது பாருங்கள், கயிற்றோடு போய்த் தொபுக்கென்று கால்வாயில் விழுந்தாள்! தண்ணீர் முழங்காலளவு, சேறு இடுப்பளவு. சிலுவையின் அண்ணன் குதித்து, தூக்கிப் படகில் போட்டான். உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்பு. பல் மட்டும் வெள்ளை. டீச்சர் அழுகிறாள், இவள் சிரிக்கிறாள்.

அம்முவின் பாவாடையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பள்ளிக்கூடத்துக் குழாயடியில் வழுக்கி விழுந்தேன் என்று அம்மாவிடம் சொன்னாள். அந்தப் பொய்க்குச் சாட்சி நான்.

எப்படி? ஆம்பூரில் கேட்டிருப்பீர்களா இப்படி ஒரு கதை? மே மாதம் இன்னொரு தரம் விழச் சொல்கிறேன்.

உடனே பதில்.

பட்டு


திருவொற்றியூர்
1-3-1952

அன்புள்ள அஜீசா,

நான் சுகம். நீ சுகமா? நாலு வாரமாகப் பதில் இல்லை. தபால்காரர் தினமும் என் வீட்டைத் தாண்டித்தான் போகிறார், தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். அம்முவைப் போய்ப் பார்த்தேன். புருஷனுக்கு மில் வேலை, நாலு பிள்ளைகள், இரண்டு சுற்று பருத்திருக்கிறாள். "அஜீசாவும் வருதா? அப்ப நானு வராம எங்க போவேன்?" என்றாள். எல்லோரும் உன்னை நம்பித்தான் இருக்கிறோம். ஒரு வரி எழுது.

பட்டு


ஆம்பூர்
12-3-1952

தோழி பட்டம்மாளுக்கு அஜீசா எழுதுவது.

இங்கு யாவரும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். மாமியின் கண்ணுக்கு அடுத்த மாதம் வேலூரில் ஆபரேஷன். மலிகாவுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருக்கிறது, நோன்புப் பெருநாளுக்கு அப்புறம். வீட்டில் வேலைகள் இருப்பதால் மே மாதம் வர வசதிப்படாது. மற்றவர்களுக்குச் சொல்லிவிடவும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

அஜீசா


திருவொற்றியூர்
17-3-1952

பெரிய வீட்டு மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எங்கள் பள்ளிக்கூடத்து ஆபீசிலிருந்துகூட இதைவிட அன்பாக எழுதுவார்கள். பெருநாளுக்கு அப்புறம் நடக்கிற கல்யாணத்துக்கு மே மாதம் ஒரு நாள் விட முடியாத வேலையா? என்னை மூன்றாம் வகுப்புப் பிள்ளை என்றா நினைத்தாய்?

எனக்குத் தெரியும். விறகுப் படகுக்காரி, மில் தொழிலாளி பெண்டாட்டி, கல்யாணமாகாத வாத்திச்சி. எங்கள் பக்கத்தில் உட்கார உனக்கு வெட்கம். அதை நேராகச் சொல்லியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். ஜனவரியிலிருந்து நாள் எண்ணிக்கொண்டிருந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

சுகம் விசாரிக்கவில்லை. நீயும் விசாரிக்காதே.

பட்டம்மாள்


வேலூர்
9-4-1952

பட்டு,

சலாம் சொல்லி நிதானமாக ஆரம்பிக்க நேரமில்லை. கண் ஆஸ்பத்திரியில் மாமியோடு இருக்கிறேன். ஆபரேஷன் ஆகி நாலு நாள். இரண்டு கண்ணையும் கட்டியிருக்கிறார்கள். தலை அசையக்கூடாது என்று இரண்டு பக்கமும் மணல் மூட்டை. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா கீறுவது அவருக்குக் கேட்கிறது. "என்ன எழுதறே?" என்று கேட்டார். வெளுக்கப் போட்ட துணி விவரம் என்றேன்.

உன் கோபக் கடிதத்தையும் மலிகாதான் கூடத்தில் படித்தாள். "வாத்திச்சி" என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். மாமி, "மேல படி" என்றார். கடைசி வரை படிக்க வைத்தார். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். வீட்டிலிருந்து போகும் கடிதத்தையும் படித்துக் காட்டிய பிறகுதான் ஒட்டுவோம். உனக்கு நான் என்ன எழுத முடியும், சொல்லு.

அந்தப் படகுக் கதையால்தான் எல்லாம். ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. நான் சேற்றில் விழுந்ததற்கோ, சிலுவையின் அண்ணன் தூக்கியதற்கோ யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர்கூட மீசைக்குள் சிரித்தார். மலிகா "பல் மட்டும் வெள்ளை" என்று படித்தாள் பார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துப் பார்த்தேன், முடியவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, சத்தம் போட்டுச் சிரித்தேன். மாமிக்குத்தான் முகம் தெரியாதே. "யாரது சிரிக்கிறது?" என்று கேட்டார். மலிகா, "அஜீசா மாமிதான் நானி" என்று பாட்டிக்குச் சொன்னாள். "அஜீசாவா?" என்றார்.

மறுநாள் தொழுகைக்கு முன் அவர் கைகால் கழுவி ஒளு செய்யத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போது சொன்னார்: "பதினஞ்சு வருஷமா உன் சத்தமெல்லாம் எனக்குப் பழக்கம். நடக்கிற சத்தம், இருமற சத்தம், சட்டி வைக்கிற சத்தம். இந்தச் சிரிப்பு யாருதுன்னு எனக்குத் தெரியலையேம்மா. நாங்க உனக்கு என்ன குறை வச்சோம்?"

ஒரு குறையும் வைக்கவில்லை, பட்டு. நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். "படகுக்கு அனுப்பினா உடம்பு திரும்பி வந்துடும். மனசு வருமா?" என்றார். அதற்குமேல் போகட்டுமா என்று எந்த முகத்தோடு கேட்பேன்? நானே, போகவில்லை மாமி என்றேன்.

உன்மேல் கோபமில்லை. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. கடிதம் யார் யார் காதுக்குப் போகிறது என்று எழுதியிருந்தேனே, படகைப் பற்றி எழுதாதே என்றும் எழுதியிருந்தேனே. ஏன் உனக்குப் புரியவில்லை?

இன்னும் பத்துப் பதினைந்து நாள் இங்கேதான். மலிகா ஊரில் இருக்கிறாள். இங்கே வருகிற கடிதத்தைப் படித்துக் காட்டுவது நான்தான். மாமி கூப்பிடுகிறார்.

அஜீசா


திருவொற்றியூர்
14-4-1952

மதிப்புக்குரிய காத்தூன் பீவி அம்மாளுக்கு, அஜீசாவோடு படித்த பட்டம்மாள் வணக்கம் சொல்லி எழுதுகிறேன்.

நீங்கள் வேலூரில் இருப்பதாக ரஹீம் அண்ணன் கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கட்டு அவிழ்க்கும்போது எல்லாம் பளிச்சென்று தெரியவேண்டும் என்று வடிவுடையம்மன் சந்நிதியில் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா, நான் இரண்டு தப்பான கடிதம் எழுதினேன். ஒன்று விளையாட்டு, ஒன்று கோபம். இரண்டுக்கும் மன்னிக்க வேண்டும். எனக்கு வருகிற கடிதத்தை எனக்கு முன்னால் தொட ஒரு கை கிடையாது. கடிதம் வந்தால் நானே பிரித்து, நானே படித்து, நானே மடித்து வைக்கிறேன். அதனால் ஒரு வீட்டுக்குள் கடிதம் போனால் அங்கே அது யார் யாரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் யாரும் கேட்காததையெல்லாம் சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். கோபிக்கக் கூடாது. அஜீசாவை ஒரே ஒரு நாள் எனக்குக் கொடுங்கள். மாலை ரயிலில் நானே கொண்டுவந்து ரஹீம் அண்ணன் வீட்டில் விட்டுவிடுகிறேன். நம்பிக்கை இல்லாவிட்டால் நீங்களும் வாருங்கள். நிழலாக ஒரு பக்கம் பாய் விரித்து உட்கார வைக்கிறேன்.

பட்டம்மாள்


வேலூர்
22-4-1952

பட்டம்மாளுக்கு காத்தூன் பீவி துஆ.

நான் சொல்லச் சொல்ல அஜீசா எழுதுகிறாள். ஒரு வார்த்தை மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். கட்டு அவிழ்த்துவிட்டார்கள். வெளிச்சம் தெரிகிறது. ஆள் நிற்பது தெரிகிறது, முகம் இன்னும் கூடவில்லை. கண்ணாடி போட்டால் சரியாகும் என்கிறார் டாக்டர். நீ வேண்டிக்கொண்டதற்குச் சந்தோஷம்.

ரஹீம் கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டதாக எழுதியிருக்கிறாய். துணி விவரம் எழுத அவ்வளவு நேரம் ஆகாது என்று எனக்குத் தெரியும். போகட்டும்.

படகுக்கு அவளை அனுப்ப மாட்டேன். நாற்பது நாள் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடவேண்டும், அதற்கு அவள் வேண்டும் என்று சொன்னால் நீ ஒத்துக்கொள்வாய். ஆனால் அது நிஜக் காரணம் இல்லை. உனக்கு அவள் ஒரு நாள் வேண்டும். எனக்கு எல்லா நாளும் வேண்டும். மகன் காலையில் தோல் மண்டிக்குப் போனால் விளக்கு வைத்துத்தான் வருகிறான். பேரன்கள் மதராஸா, பள்ளிக்கூடம். மலிகாவைக் கட்டிக்கொடுத்துவிட்டால் அந்தக் கூடத்தில் நானும் அவளும்தான். அவள் மனசு வேறே எங்கோ போய்விட்டால் நான் அங்கே யாரோடு இருப்பேன்? நீ உன் வீட்டில் தனியாக இருக்கிறாய் என்று எழுதினாய். ஆள் நிறைந்த வீட்டிலும் அது உண்டு.

மன்னிக்க ஒன்றும் இல்லை. நீ சின்னப் பெண். அவள் பேனா நின்று நின்று போகிறது. இத்தோடு நிறுத்துகிறேன்.

காத்தூன் பீவி


திருவொற்றியூர்
5-5-1952

அன்புள்ள அஜீசாவுக்கு, மாமிக்கும் சேர்த்து,

நான் சுகம். மாமியின் கண்ணுக்கு வேளை தவறாமல் மருந்து விடு.

நேற்றுப் போய் வந்தேன். அம்மு வரவில்லை. சனிக்கிழமையே போய்க் கேட்டேன். "கடேசிப் பையனுக்கு அம்மை போட்டுக்கீது பட்டு. வுட்டுட்டு எங்க வர்றது? நீங்க ஜோரா போய்ட்டு வாங்க" என்றாள். சிலுவை வந்தாள். ஆனால் அவள் மாமனாருக்கு முதுகு பிடித்துக்கொண்டதாம். கழி போடும் வேலை அவள் தலையில் விழுந்தது. ஒரு கோடியில் அவள் கழியோடு, மறு கோடியில் தவசிமுத்து சுக்கானோடு. நடுவில் நான், நாலு பேருக்குக் கட்டிய புளிச்சோற்றோடு. "பேசேண்டி, ஊமை மாரி குந்திக்கினு கீறியே" என்று அங்கிருந்து கத்தினாள். நான் பேசினால் பதில் சொல்ல அவளுக்கு மூச்சு இருந்தால்தானே?

எண்ணூரில் என்னை இறக்கிவிட்டு அவர்கள் விறகுக்குப் போய்விட்டார்கள். ரயிலேறி வந்தேன். பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினேன். உள்ளே போகாமல் வாசற்படியிலேயே நின்றேன். ஏன் நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்புறம் புரிந்தது. நான் எங்கே போய்விட்டு வந்தாலும் அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பாள். கேட்ட பிறகுதான் நான் செருப்பைக் கழற்றுவேன். நேற்றுச் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மற்றதை எழுதவில்லை. எழுத நிறைய இருக்கிறது. எழுதவும் எனக்குத் தெரியும். ஆனால் கேட்காமல் சொல்லி ஒரு தரம் பட்டது போதும். மாமி சொன்னது நியாயம். நீ அவரோடேயே இரு. இதற்குப் பதில் போட வேண்டும் என்று சங்கடப்படாதே.

பட்டு


ஆம்பூர்
10-5-1952

பட்டம்மாளுக்கு காத்தூன் பீவி துஆ. நான் சொல்ல அஜீசா எழுதுகிறாள்.

உன் கடிதத்தை மலிகா இரண்டு தரம் படித்தாள். கார்டில் இடம் கொஞ்சந்தான், அதனால் கேட்க வேண்டியதை மட்டும் கேட்கிறேன். காற்று எந்தப் பக்கம் அடித்தது? வெயில் தாங்க முடிந்ததா? மிச்சச் சோற்றை என்ன செய்தாய்? அந்தப் பெண் சிலுவைக்குக் கை கொப்புளித்துப் போனதா? ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா? வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தாய்?

செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரம்மா. எப்படி இருந்தது?